வேலியில் நின்ற வெள்ளைப் பூ

என் கணவரின் கண்களுக்குத் தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விடுவது என் வேலை. மருந்து விட்ட பிறகு அவர் கண்களை மூடி, மூக்கின் ஓரங்களை விரல்களால் அழுத்தியபடி ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். பேசக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. அதனால் அந்த ஐந்து நிமிடங்களில் அவர் பேசுவார். பகல் முழுவதும் அதிகம் பேசாத மனிதர், கண்களை மூடியதும் தொலைவில் எழுதியிருக்கும் எதையோ எனக்காகப் படித்துச் சொல்பவர்போல மெல்லத் தொடங்குவார். அந்தப் பூவைப் பற்றி நான் முதலில் கேட்டது அப்படியொரு காலையில்தான்.

“பாதையில ஒரு செடி இருந்தது,” என்றார். “பாறைத் திருப்பத்துல. தை, மாசியில பூக்கும். வெள்ளைப் பூ. மேல நாலு இதழ், கீழ ஒண்ணு தனியா.”

“எண்ணினீங்களா?”

“எண்ணாம? எண்ணறதுதானே வேலை.”

“வாசனை?”

“நின்னு முகர்ந்ததில்லை. நடந்துகிட்டே பார்ப்பேன். அது நம்ம வாசல்ல இருந்தா நல்லாயிருக்கும். இப்பவே இருந்தா,” என்றார்.

அந்த ‘இப்பவே’யின் பொருள் எனக்குத் தெரியும். அவருக்குக் கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு தேயும் நோய். போன பார்வை திரும்பி வராது, மிஞ்சியிருப்பதை மருந்தால் காத்துக்கொள்ளலாம், எத்தனை காலத்துக்கு என்று உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். ஓரங்களிலிருந்து மூடிக்கொண்டு வருகிறது என்பார் என் கணவர். நடுவில் மட்டும் ஒரு தெளிவான வட்டம். அந்த வட்டத்துக்குள் எதை வைத்துக்கொள்ள விரும்புகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே அவர் சொன்ன ஒரே பொருள் அந்தச் செடி.

காவலூர் மலைமேல் இருக்கும் வானாய்வுக் கூடத்தில் அவர் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தார். தொலைநோக்கியோடு பொருத்தி, நட்சத்திரத்தின் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கருவி அவர் பொறுப்பில் இருந்தது. இரவு முழுக்க வேலை, பகலில் உறக்கம். மாலையில் மற்றவர்களோடு வண்டியில் சாலை வழியாகப் போவார். விடியலுக்குச் சற்று முன்னால், கண்ணுக்குள் இன்னும் இருள் கலையாமல் இருக்கும்போதே, புதர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் குடியிருப்புக்குத் தனியாக இறங்கி வருவார். நான் அப்போது வாணியம்பாடியில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலையில் இருந்தேன். சனிக்கிழமை பேருந்தில் மலையேறி, திங்கள் காலையில் இறங்கிவிடுவேன். அந்தப் பாதையில் விடியலில் ஒருநாளும் நான் நடந்ததில்லை. எங்கள் இருவரின் வாழ்க்கையில் அவருக்கு மட்டுமே உரிய சில நூறு அடிகள் அவை.

ஓய்வு பெற்றபின் ஆலங்காயம் போகும் சாலைக்கு மேலே, சரிவில், சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தோம். செம்மண்ணும் சரளையும் கலந்த நிலம். மண்வெட்டியை ஓங்கிப் போட்டால் திரும்பிக் கைக்கே வரும். பங்குனி பிறந்தால் ஆழ்துளைக் கிணறு சேறு கக்கும். ஆனால் காலையில் கதவைத் திறந்தால் எதிரிலுள்ள மலை மூட்டத்தில் மறைந்திருக்கும். அது வெளிவரும்வரை நாங்கள் தேநீரோடு காத்திருப்போம். ஒவ்வொரு நாளும் அது வேறெங்கிருந்தோ வந்து சேர்வதுபோல் எனக்குத் தோன்றும்.

முதலில் அந்தப் பாறைத் திருப்பத்துக்கே போனோம். பாறை இருந்தது. செடி இருந்த இடத்தில் தண்ணீர்க் குழாய்க்காகப் பள்ளம் தோண்டி மூடியிருந்தார்கள். அதன்மேல் புல்கூட இன்னும் சரியாக முளைக்கவில்லை. அவர் பாறைமேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

“இங்கதான்,” என்றார். “கைக்கு எட்டற தூரம். கை நீட்டினதில்லை.”

எந்தக் கேள்விக்கும் எங்கோ ஓர் அலமாரி உண்டு என்று நம்பியே வாழ்ந்தவள் நான். இந்தப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய தடித்த நூல்களை வரவழைத்தேன். ஒரு நீள் குறிப்பேட்டில் கோடு போட்டு, வெள்ளைப் பூப் பூக்கும் புதர்களை மட்டும் வரிசையாக எழுதினேன். எத்தனை இதழ், எந்த மாதம், முள் உண்டா, வறட்சி தாங்குமா. மஞ்சள், ஊதா, சிவப்பு என்றிருந்த பக்கங்களை நிறத்தைப் பார்த்ததுமே புரட்டிவிட்டேன். அது நேரத்தை மிச்சப்படுத்தும் முறை என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஒடுகத்தூரில் ஒரு நாற்றுப் பண்ணைக்கும் போனேன். வரிசை வரிசையாகக் கறுப்புப் பைகளில் செடிகள்; நடுவில் ஈரக் குழாயைப் பிடித்தபடி அதன் உரிமையாளர்.

“வெள்ளப் பூவா? நந்தியாவட்டை கீது. அரளி கீது. இட்லிப்பூவுலயே வெள்ள கீது. இன்னா வேணும், சொல்லுங்க.”

“மேலே நாலு இதழ். கீழே ஒன்று தனியாக இருக்க வேண்டும்.”

அவர் குழாயைக் கீழே போட்டார். “ஏம்மா, பத்து வருசமா கடை வெச்சிருக்கேன். ஜாதகம் பார்த்து மாப்பிள்ளை எடுக்கற மாதிரி பூ கேக்கறவங்கள இன்னிக்குதான் பார்க்கறேன்.”

“தண்ணீர் இல்லாத இடத்திலும் வளர வேண்டும்.”

“பூவும் வேணும், தண்ணியும் கேக்கக்கூடாது. சரிதான். மூணையும் எடுத்துனு போங்க. எது பொழைக்குதோ அதான் உங்க செடி.”

மூன்றையும் வாங்கி வந்து வாசலின் இருபுறமும் நட்டேன். நட்ட மறுநாளே ஆடுகள் வந்தன. நந்தியாவட்டையின் கொழுந்துகளை அவை மென்றுகொண்டிருந்தபோது, அவற்றின் பின்னாலேயே அவற்றை வளர்ப்பவளும் வந்தாள். மேட்டு நிலத்தில் சாமை விதைத்து, நான்கு புளியமரங்களும் வைத்திருந்த மலைக்காரப் பெண். ஏறக்குறைய என் வயது. என்னை முதல் நாளிலிருந்தே ‘டீச்சரம்மா’ என்றுதான் கூப்பிட்டாள். நான் டீச்சர் இல்லை, நூலகத்தில் இருந்தவள் என்று திருத்தினேன்.

“கையில எந்நேரமும் புக்கு கீதா இல்லையா?”

“இருக்கிறது.”

“அப்ப டீச்சருதான்.” ஆட்டின் காதைப் பிடித்து இழுத்தபடி, “வேலி இல்லாம செடி வெச்சா அது எங்க ஆட்டுக்கு விருந்து வெச்ச மாதிரி. ஆட்டைச் சொல்லிக் குத்தமில்லை,” என்றாள்.

“கம்பி வேலி போட வேண்டும்.”

“கம்பி எதுக்கு? முள்ளி வைங்க. எங்க கொல்லையில கீது, வெட்டித் தர்றேன். ஆடு மோந்து பார்த்துட்டுப் போயிடும். தண்ணியும் கேக்காது. பல்லு வலி வந்தா ரெண்டு எலைய மென்னுக்கலாம்.”

ஆடி மழை ஒன்று பெய்து ஓய்ந்த காலையில் அவள் ஒரு கட்டுக் குச்சிகளைத் தலையில் சுமந்து வந்தாள். பென்சில் பருமன், ஒன்றரைச் சாண் நீளம். ஒவ்வொன்றிலும் மூன்று கணுக்கள் இருக்கும்படி பார்த்து வெட்டியிருந்தாள். கணு ஒன்று மண்ணுக்குள் போக வேண்டும், குச்சியை நேராகக் குத்தாமல் சாய்த்துப் புதைக்க வேண்டும், ஒரு முழத்துக்கு ஒன்று. எரு வேண்டாம் என்றாள். எரு போட்டால் இலையாக வளர்ந்து சோம்பேறி ஆகிவிடுமாம். நான் அவள் சொல்வதைக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். முன்பக்கங்கள் அந்த வெள்ளைப் பூவுக்காக ஒதுக்கப்பட்டவை.

“இத்தயும் எழுதறீங்களா?” என்று எட்டிப் பார்த்தாள். “குச்சி நடறதுக்குப் பரிட்சையா வெக்கப் போறாங்க?”

துளிர் விடும்வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். பதினைந்து நாளில் கணுக்களில் பச்சை தெரிந்தது. அதன்பின் வேலியை நான் மறந்துவிட்டேன். வேலி என்பது அதற்குத்தானே.

என் கவனமெல்லாம் வாசலில் இருந்தது. நந்தியாவட்டை அந்த மார்கழியில் பூத்தது. அவரைக் கைபிடித்து அழைத்துப் போனேன். அவர் குனிந்து, தலையை மெல்ல இடமிருந்து வலமாக நகர்த்திப் பூவைத் தேடினார். மிக மெதுவான அந்த அசைவை அன்றுதான் முதலில் கவனித்தேன். அதுவரை அவர் எதையும் தேடிப் பார்த்ததில்லை; பார்த்தால் போதுமாக இருந்தது.

“இது இல்லை,” என்றார். “இது அழகாத்தான் இருக்கு. ஆனா இது இல்லை.”

கோடையில் இட்லிப்பூச் செடி முதலில் போனது. குளித்த தண்ணீர், அரிசி கழுவிய தண்ணீர், சில நாட்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும்கூடக் கொடுத்தேன். நந்தியாவட்டை சித்திரை பாதிவரை தாக்குப் பிடித்தது. அரளி பிழைத்துப் பூத்தது; அதற்கு ஐந்து இதழ்களும் சமமாக ஒரே வட்டத்தில் இருந்தன. அவரிடம் காட்டாமலே குறிப்பேட்டில் அடித்தேன்.

அந்தக் கோடையில் வேலியும் செத்துவிட்டது என்றே நினைத்தேன். இலைகளெல்லாம் உதிர்ந்து, சாம்பல் நிறக் குச்சிகள் வரிசையாக நின்றன. ஒரு காலையில் அவற்றைப் பிடுங்கக் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு குனிந்தபோது மேட்டிலிருந்து குரல் வந்தது.

“கைய எடுங்க டீச்சரம்மா.”

இறங்கி வந்து, கட்டைவிரல் நகத்தால் ஒரு குச்சியின் தோலை லேசாகக் கீறினாள். உள்ளே ஈரமான பச்சை.

“இது செத்த மாதிரி நடிக்குது. வெயிலு போற வரைக்கும் இப்படித்தான். இதுக்கு இப்பத் தண்ணி காட்டினீங்கன்னா வேர் அழுகி நெஜமாவே செத்துடும்.”

“எப்போது எழுந்திருக்கும்?”

“மழைக்குத் தெரியும்.”

கோடை மழை இரண்டாவது முறை பெய்த வாரத்தில் அது எழுந்தது. ஒரே இரவில் என்று சொல்ல ஆசைதான்; மூன்று நாட்கள் ஆயின. கீழிருந்து மேலாக ஒவ்வொரு கணுவும் கண் திறந்தது. இரண்டாம் ஆண்டு இடுப்பளவு வளர்ந்து, ஆள் நுழைய முடியாத அடர்த்தியாகிவிட்டது. பூக்கவும் செய்தது. மஞ்சள் பூ. முந்திய ஆண்டிலேயேகூட அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்திருந்தது. வேலியில் மஞ்சள் பூ இருக்கும், அவ்வளவுதான் என்றிருந்தேன். காலை உணவுக்குப்பின் நான் வெளியே வரும்போது அவற்றில் பாதி உதிரத் தொடங்கியிருக்கும். மாலைக்குள் தரையில் கிடக்கும். நான் ஒன்றைக்கூட எடுத்து எண்ணிப் பார்க்கவில்லை. மஞ்சள் என் பட்டியலில் இல்லை.

பூக்கள் போனபின் அலகுபோன்ற சிறு காய்கள் முற்றிக் காய்ந்து, நண்பகல் வெயிலில் தாமாக வெடிக்கும். அவர் சாய்வு நாற்காலியில் படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்பார்.

“யாரோட சட்டைப் பொத்தானோ தெறிக்கற மாதிரி இருக்கு,” என்பார்.

தெறித்து விழுந்த இரண்டு விதைகளை ஒருநாள் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டேன். தட்டையாகக் கிடந்த அவற்றின் மேனியில் பட்டிழைபோல் மயிர்கள் சிலிர்த்து எழுந்து, சற்று நேரத்தில் ஒவ்வொன்றும் ஒரு சிறு கூழ்த் துளிக்குள் உறங்குவதுபோல் ஆனது. ஈரம் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும் வித்தை. அவரிடம் கிண்ணத்தை நீட்டினேன். வெகுநேரம் தலையை நகர்த்தினார். பிறகு, “நீ சொல்லு,” என்றார். நான் சொன்னேன்.

அந்த வாரம் மருத்துவரிடம் போய்த் திரும்பும்போது பேருந்தில் அவர் ஜன்னலோரம் உட்காரவில்லை. என்னை உட்காரச் சொன்னார்.

நான் கண்டுபிடித்த நாளைச் சொல்ல வேண்டும். கண்டுபிடித்தேன் என்பதைவிட, அது என்முன் வந்து நின்றது என்பதே சரி. தை மாதம், ஐந்து மணி இருக்கும். மின்சாரம் இல்லை. வெளி வாசல் கதவு காற்றில் மோதிக்கொண்டே இருந்தது. அவர் உறக்கம் கலைந்துவிடக் கூடாதே என்று எழுந்தேன். வழக்கமான கைவிளக்கு மின்னேற்றம் தீர்ந்து கிடந்தது. மேசை இழுப்பறைக்குள் துழாவியபோது அவருடைய பழைய டார்ச் கையில் பட்டது. அந்தக் காலத்தில் அவருக்காக நான் செய்துகொடுத்த சில காரியங்களில் அதுவும் ஒன்று. வானாய்வுக் கூடத்தைச் சுற்றி வெள்ளை வெளிச்சம் கூடாது. இருளுக்குப் பழகிய கண்ணை அது கெடுத்துவிடும். சிவப்பு மட்டுமே அனுமதி. தீபாவளிக்கு வந்த இனிப்புப் பெட்டியில் சுற்றியிருந்த சிவப்புக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாக வெட்டி அந்த டார்ச்சின் முகத்தில் ஒட்டியவள் நானே. புதிய மின்கலம் போட்டு அழுத்தினேன். எரிந்தது.

வெளியே மூட்டம் தரையோடு படுத்திருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் அது பால் காய்ச்சும்போது எழும் ஆவிபோல் அசைந்தது. வாசல் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினேன். திரும்பும்போது விளக்கு தற்செயலாக வேலியின்மேல் விழுந்தது.

வேலி முழுவதும் வெள்ளைப் பூக்கள்.

நான் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறேன், இது கனவு என்று நினைத்தேன். அந்த நினைவு எனக்கு அச்சம் தரவில்லை, இதமாக இருந்தது. கறுத்த இலைகளின்மேல், யாரோ வெள்ளைக் காகிதத்தைக் கத்தரித்து ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போனதுபோல் அவை நின்றன. அருகே போனேன். கையை நீட்டியதும் முள் குத்தியது. கனவில் அவ்வளவு துல்லியமாகக் குத்தாது. விளக்கை இன்னும் நெருக்கமாகப் பிடித்து எண்ணினேன். மேலே நான்கு இதழ். கீழே ஒன்று, தனியாக.

விளக்கை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன். பூக்கள் முதலில் இல்லாமல் போயின; பிறகு சாம்பல் நிறத்தில் திரும்பி வந்தன. கிழக்கு வெளுக்க வெளுக்க அவற்றில் மஞ்சள் ஊறியது. எதிர்மலை மூட்டத்திலிருந்து வெளிவந்தபோது என் முன்னால் இருந்தது இரண்டு ஆண்டுகளாக நான் பார்த்துவந்த அதே முள்ளி வேலி.

முப்பது ஆண்டுகள் அவர் அந்தப் பூவை நான் ஒட்டிய தாளின் வழியாகவே பார்த்திருக்கிறார். சிவப்பு வெளிச்சத்தில் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வேறுபாடு தெரியாது. மாலையில் போகும்போது வேறு வழி. போயிருந்தாலும் அதற்குள் பூ உதிர்ந்திருக்கும்.

விடிந்ததும் புத்தகத்தை எடுத்து, நான் புரட்டித் தள்ளிய மஞ்சள் பக்கங்களில் தேடினேன். இலைக்காம்பின் இடுக்கில் நான்கு முட்கள், இலை நுனியிலும் ஒரு சிறு முள், குழலிலிருந்து வெளியே நீண்ட இரண்டு மகரந்தத் தாள்கள், நான்கும் ஒன்றுமாகப் பிரிந்த இதழ்கள். செம்முள்ளி. கீழே, வறண்ட நிலங்களில் எங்கும் பரவலாகக் காணப்படுவது என்று எழுதியிருந்தது.

ஆடுகளோடு வந்தவளிடம் சொன்னேன். அவள் வாயில் துணியை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

“இதுக்கா ரெண்டு வருசமா புக்கு படிச்சீங்க? என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல.”

“வெள்ளைப் பூ தெரியுமா என்று கேட்டேனே.”

“வெள்ளன்னு கேட்டா வெள்ளயதானே சொல்லுவேன். போங்க, சாரு எழுந்தாரா? மொதல்ல அவருகிட்ட சொல்லுங்க.”

அங்கேதான் நான் பொறுமை இழந்தேன். அடுத்த விடியல்வரை காத்திருக்காமல், அப்போதே நான்கைந்து பூக்களைப் பறித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அவர் மருந்துக்காகக் காத்திருந்தார். ஒரு பூவை அவர் உள்ளங்கையில் வைத்து, “இதுதாங்க,” என்றேன்.

ஜன்னல் பக்கம் திரும்பி, கையை மேலும் கீழும் நகர்த்தி, தன் வட்டத்துக்குள் அதைக் கொண்டுவந்தார்.

“மஞ்சள்,” என்றார்.

“எண்ணிப் பாருங்க.”

எண்ணினார். அவர் முகம் மாறிய விதத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மகிழ்ச்சி இல்லை. பூவைப் போர்வையின்மேல் வைத்துவிட்டு, “நான் பார்த்தது வெள்ளை,” என்றார். பிறகு தனக்குள் பேசுவதுபோல், “கண்ணுதான் போகுதுன்னு நினைச்சேன். பார்த்ததும் போகுதா?” என்றார்.

நான் அவர் அருகில் உட்கார்ந்து சிவப்புத் தாளைப் பற்றிச் சொன்னேன். பாதி சொல்வதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் ஒளியைப் பிரித்துப் பார்த்தவர் அவர். பிறகு தோள்கள் குலுங்கின. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று.

“நட்சத்திரத்துல இருக்கற மஞ்சளை அளந்து சொன்னேன்,” என்றார். “காலடியில இருந்ததைக் கோட்டை விட்டேன். வெளியில சொல்லிடாதே.”

“மேட்டு வீட்டில் ஏற்கெனவே தெரியும்.”

“அப்போ ஆலங்காயம் வரைக்கும் தெரிஞ்சிருக்கும்.”

சிரிப்பு ஓய்ந்ததும், “புரியுது. ஆனா புரிஞ்சா போதாது. பார்க்கணும்,” என்றார்.

அன்று மாலை வேலியோரம் இருந்த கற்களை நான் ஒவ்வொன்றாக அகற்றினேன். வாசலிலிருந்து வேலிவரை எத்தனை அடி என்று அவர் எண்ணி வைத்துக்கொண்டார். சில மாதங்களாக இருட்டில் அவருக்கு எதுவும் பிடிபடுவதில்லை. மாலை விளக்கு வைத்தபின் கூடத்தைக் கடக்கவே சுவரைத் தொட்டுக்கொண்டுதான் போவார். நாளைக்குச் சிவப்பு வெளிச்சம் அவருக்குப் போதுமா என்பதை நாங்கள் இருவரும் பேசவில்லை.

ஐந்து மணிக்குப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தோம். என் தோளில் அவர் கை. மூட்டம் நேற்றைவிட அடர்த்தியாக இருந்தது. வேலிக்கு முன் நின்று விளக்கை அழுத்தினேன். வெள்ளைப் பூக்கள் நேற்றைப்போலவே நின்றன. அவர் தலை இடமிருந்து வலமாகப் போயிற்று, திரும்பி வந்தது. மறுபடியும் போயிற்று. நான் விளக்கை ஒரே ஒரு பூவுக்கு அருகில், அசையாமல் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் அந்தப் பக்கம் வந்து நின்றது.

“ஆங்,” என்றார்.

பிறகு கையை நீட்டினார். முள் குத்தியதும் கையை எடுக்கவில்லை.

“முள்ளு இருந்திருக்கு,” என்றார். “இத்தனை வருஷம் தெரியாது.”

“வலிக்குதா?”

“இருக்கட்டும்.” சற்றுப் பொறுத்து, “விளக்கை அணை. மஞ்சள் வர்றதையும் பார்த்துடறேன்,” என்றார்.

அணைத்தேன். இருவரும் அடுத்தடுத்து நின்றோம். மேட்டில் புளியமரங்கள் இருக்கும் பக்கம் ஒரு பறவை குரல் கொடுத்து நிறுத்திக்கொண்டது. மூட்டத்துக்குள்ளிருந்து வேலி ஒரு கோடாக, பிறகு இலைகளாக வந்தது. சாம்பல் பூக்கள் வந்தன. அவற்றில் ஒன்றில், அடியிலிருந்து ஏறுவதுபோல், மஞ்சள் தெரிந்தது. நான் அவர் பக்கம் திரும்பினேன். அவர் அதே பூவைப் பார்த்தபடி, எதையும் தவறவிட்டுவிடக் கூடாது என்ற கவனத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

நான் வாய் திறக்கவில்லை. வேலி முழுவதும் மஞ்சளாயிற்று. எதிர்மலையின் உச்சி மூட்டத்துக்கு மேலே வந்தது. மேட்டு வீட்டில் ஆடுகளை அவிழ்க்கும் சத்தம் கேட்டது. அவற்றை அவள் பெயர் சொல்லித் திட்டுவது கேட்டது. சாலையில் ஆலங்காயத்துக்கான முதல் பேருந்து விளக்கை அணைத்துவிட்டே போயிற்று. என் கால்கள் மரத்துப்போயிருந்தன. அவர் அசையவில்லை.

பிறகு என் தோளிலிருந்த அவர் விரல்கள் லேசாக இறுகின.

“இதோ,” என்றார். “இப்பதான் வருது. பார்த்தியா?”

“ஆமாம்,” என்றேன். “இப்போதுதான்.”